இறந்த மானும் மாநில எல்லையும்

களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் ஒரு பாடம்

மைசூர் நகரின் பழைய பேட்டைகளுள் ஒன்று மண்டி மொஹல்லா. மண்டி என்னும் சொல் தமிழருக்குப் புதிதன்று. பல திசைகளிலிருந்தும் சரக்கு வந்து குவிந்து, மீண்டும் பல திசைகளுக்குப் பிரிந்து செல்லும் இடத்தையே நாம் அச்சொல்லால் குறிக்கிறோம். மைசூரிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை குண்டல்பேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர்க் காட்டினூடே சென்று தமிழ்நாட்டின் முதுமலையை அடைகிறது. மற்றொரு கிளை முத்தங்கா வழியாகக் கேரளத்தின் சுல்தான் பத்தேரியை அடைகிறது. மூன்று மாநிலங்களின் காடுகளும் இங்கே ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கின்றன. எல்லை என்பது மனிதன் வகுத்த கோடு; மானுக்கும், அதன் மேலுள்ள உண்ணிக்கும், அதன் குருதியிலுள்ள கிருமிக்கும் அக்கோடு தெரியாது.

உதாரணமாக ஒரு நிகழ்ச்சியைக் கற்பனை செய்து கொள்வோம். கூடலூர்ப் பக்கத்திலிருந்து மண்டி மொஹல்லாவுக்குச் சரக்கேற்றிக் கொண்டு வரும் லாரி ஒன்று, விடியற்காலையில் முதுமலைக் காட்டைக் கடக்கிறது. சாலையோரத்தில் ஆண் புள்ளிமான் ஒன்று இறந்து கிடக்கிறது. முன்னே சென்ற ஏதோ ஒரு வண்டி மோதியிருக்கும் என்று ஓட்டுநர் எண்ணுகிறார். உடலில் காயம் இல்லை. மூக்கில் மட்டும் சிறிது இரத்தம் கசிந்திருக்கிறது. உடலின் சூடு முற்றும் ஆறவில்லை. "வீணாய்ப் போவானேன்?" என்று அதை மூட்டைகளுக்கிடையே மறைத்து ஏற்றிக் கொள்கிறார். இரண்டு மூன்று மணி நேரத்தில் லாரி மைசூரை அடைகிறது. தோல் ஒருவரிடமும், கொம்புள்ள தலை மற்றொருவரிடமும், இறைச்சி நான்கு வீடுகளுக்குமாகப் பிரிகின்றன. லாரியின் தளத்தைக் கழுவிய நீர் சாக்கடையிற் கலக்கிறது.

இங்கே சட்டத்தை மீறிய குற்றம் ஒன்று நிகழ்ந்துவிட்டது என்பது வெளிப்படை. ஆனால் அதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. அந்த மான் எதனால் இறந்தது? அது தெரியாத நிலையில் அதன் உடல் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்குச் சென்று, பல கைகளுக்குப் பிரிந்தும் போய்விட்டது. எல்லைச் சாவடியிலேயே லாரி பிடிபட்டிருந்தால் ஆபத்து நீங்கியிருக்குமா? சாவடிக் காவலர் ஆர்வத்தால் வயிற்றைக் கீறிப் பார்த்திருந்தால், அல்லது அதே வண்டியில் உடலை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தால், அவரும் ஓட்டுநர் செய்த பிழையையே செய்தவராவார். இக்காரணம் பற்றியே இப்பாடம் களப்பணியாளருக்கு முதன்மையாக எழுதப்படுகிறது.

சட்டம் கூறுவது யாது?

1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் மான் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. புள்ளிமான், கடமான், கேளையாடு, வெளிமான் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். அச்சட்டத்தின் 39 ஆம் பிரிவின்படி, வேட்டையாடப்பட்ட வனவிலங்கும், இறந்து கிடக்கக் காணப்பட்ட வனவிலங்கும் அரசின் உடைமையாகும். அத்தகைய உடைமை எவ்வாறேனும் ஒருவர் கைக்கு வந்துவிடின், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ அதற்குரிய அதிகாரியிடத்திலோ அவர் அறிவித்தல் வேண்டும். உடல் மட்டுமன்று, தோல், எலும்பு, கொம்பு ஆகியவையும் சட்டத்தின் வரையறைக்குள் அடங்குவனவே. 48அ பிரிவு, உரிய அதிகாரியின் அனுமதி பெறப்பட்டுள்ளது என்று உறுதி செய்து கொள்ளாமல் வனவிலங்கையோ அதன் உறுப்பாலான பொருளையோ போக்குவரத்துக்கு ஏற்றுக்கொள்ளலாகாது என்கிறது. ஆகவே, ஏற்றுபவர் மட்டுமேயன்றி, வண்டிக்குரியவரும் பொறுப்பாளியாகிறார்.

இதற்குத் துணையாக நிற்பது 2009 ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம். நோய் பரவிய பகுதியைக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து, அங்கிருந்து விலங்குகள் வெளிச் செல்வதையும் உள்வருவதையும் தடுக்க அச்சட்டம் வழி வகுக்கிறது. நோயுற்று இறந்ததாக அறியப்பட்ட விலங்கின் உடலை ஆற்றிலோ ஏரியிலோ கால்வாயிலோ இடுவது அச்சட்டப்படி குற்றமாகும். பந்திப்பூருக்கும் முதுமலைக்கும் இடையே எல்லையாக ஓடும் மோயாற்றை எண்ணிப் பார்த்தால், இவ்விதியின் பொருள் நன்கு விளங்கும்.

ஒரு சட்டம் விலங்கைக் காக்க எழுந்தது. மற்றொன்று நோயைத் தடுக்க எழுந்தது. இரண்டும் இறந்த மானின் உடலருகே வந்து சந்திக்கின்றன.

முதல் ஆபத்து: குருதியில் உள்ளது

திடீரென இறந்து கிடக்கும் தாவர உண்ணியைக் கண்டவுடன் முதலில் நினைவுக்கு வரவேண்டிய நோய் அடைப்பான். மாடு, ஆடு, மான், யானை, காட்டெருமை ஆகியவற்றை இது தாக்கும். இந்நோய்க் கிருமியின் வாழ்க்கை வரலாற்றை 1876 ஆம் ஆண்டில் ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் விளக்கினார். உயிருள்ள விலங்கின் உடலில் இக்கிருமி கோல் வடிவில் பெருகுகிறது. அக்கோல் வடிவம் வலுவற்றது. விலங்கு இறந்தபின் உடல் திறக்கப்படாமல் கிடக்குமாயின், அழுகலை உண்டாக்கும் மற்றக் கிருமிகள் அதைச் சில நாட்களுக்குள் பெரும்பாலும் அழித்துவிடுகின்றன. ஆனால் உடலைக் கீறிக் குருதியைக் காற்றுப்படச் செய்தால், அக்கிருமி 'ஸ்போர்' எனப்படும் கடினமான வித்தாக மாறிவிடுகிறது. வித்து வெயிலுக்கும் மழைக்கும் அஞ்சுவதில்லை. பல்லாண்டுகள் மண்ணிற் காத்திருந்து, புல்லோடு மற்றொரு விலங்கின் வாயை அடைகிறது.

எவ்வளவு காலம் காத்திருக்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். ஸ்காத்லாந்தின் குருயினார்ட் தீவில் 1942 இல் போர்ச் சோதனைக்காக இக்கிருமி தூவப்பட்டது. 1986 இல் மண் மருந்தால் தூய்மை செய்யப்பட்டு, 1990 இல்தான் அத்தீவு பாதுகாப்பானது என்று அறிவிக்கப்பட்டது. ரஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் பகுதியில் 2016 ஆம் ஆண்டுக் கோடையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலைமான்கள் இந்நோயால் மாண்டன. சிறுவன் ஒருவனும் உயிரிழந்தான். உறைந்திருந்த மண் அவ்வாண்டின் மிகுந்த வெப்பத்தால் இளகியதும், பழைய பிணங்களிலிருந்த வித்துக்கள் வெளிப்பட்டதே காரணம் என்று அறிஞர்கள் கருதுகின்றனர்.

இந்நோய் நமக்குத் தொலைவிலுள்ளதன்று. கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டிப் பகுதியில் 2021 இல் யானை ஒன்று இந்நோயால் இறந்தது; அவ்விடம் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாக உள்ளது. கேரளத்தின் அதிரப்பள்ளிக் காட்டில் 2022 இல் காட்டுப்பன்றிகள் இந்நோயால் இறந்தன. ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில், இறந்த கால்நடையை அறுத்தோரிடத்தும் அதன் இறைச்சியை உண்டோரிடத்தும் இந்நோய் பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. மனிதருக்கு வரும்போது பெரும்பாலும் தோலில் வலியற்ற புண்ணாகத் தோன்றி, நடுவில் கருமை படர்கிறது. காலத்தில் மருத்துவரை அடைந்தால் குணப்படுத்தலாம். பெனிசிலின் முதலிய மருந்துகள் உள்ளன. ஆனால், "இறந்த விலங்கைத் தொட்டேன்" என்று நோயாளி சொன்னாலன்றி மருத்துவர் இதனை எளிதில் ஐயுறமாட்டார்.

அடைப்பானால் இறந்த விலங்கின் மூக்கு, வாய், மலவாய் ஆகியவற்றில் உறையாத கருநிறக் குருதி கசியலாம். வயிறு விரைவில் உப்பலாம். உடல் முழுமையாக விறைக்காதிருக்கலாம். ஆயினும், இக்குறிகள் இல்லையென்பதால் அந்நோய் இல்லையென்று முடிவு செய்தல் தவறு. நம் கற்பனை மானின் மூக்கில் கசிந்த சிறிதளவு இரத்தத்தை இப்போது வாசகர்கள் நினைவு கூர்வார்களாக.

இரண்டாம் ஆபத்து: தோலின் மேல் உள்ளது

1957 ஆம் ஆண்டில், அன்றைய மைசூர் மாநிலத்தின் சிவமொக்கா மாவட்டத்திலுள்ள கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மிகுதியாக இறந்தன. அருகிலிருந்த சிற்றூர் மக்களுக்கும் கடுங்காய்ச்சல் கண்டது. ஆராய்ந்தபோது, உண்ணிகளால் பரவும் புதிய வைரஸ் ஒன்று கண்டறியப்பட்டது. குரங்குக் காய்ச்சல் என மக்கள் வழங்கும் கியாசனூர்க் காட்டு நோய் அதுவே.

பல்லாண்டுகள் சிவமொக்காவையும் அதை அடுத்த மாவட்டங்களையும் சார்ந்திருந்த இந்நோய், 2012 ஆம் ஆண்டின் இறுதியில் பந்திப்பூரில் தோன்றியது. அங்கே இறந்த குரங்குகளின் உடல்களைக் கையாண்டு எரியூட்டும் பணியில் ஈடுபட்ட தொழிலாளர்கள் சிலர் காய்ச்சலுற்றனர். அவர்களிடம் இந்நோய் உறுதிப்பட்டது. பின்னர் அடுத்துள்ள நீலகிரியிலும் வயநாட்டிலும் இறந்த குரங்குகளிடம் இவ்வைரஸ் காணப்பட்டது. ஆக, மூன்று மாநிலங்களுக்கும் அது பொதுவாயிற்று.

இந்நிகழ்ச்சி நமக்குக் கற்பிப்பது யாது? அத்தொழிலாளர்கள் திருடர்களோ வேட்டைக்காரர்களோ அல்லர். அரசின் பணியைச் செய்தவர்கள். உண்ணி வெதுவெதுப்பான குருதியை நாடும் உயிர். தான் ஒட்டியிருந்த உடல் குளிர்ந்ததும் அதைவிட்டு இறங்கி, அருகில் வரும் அடுத்த உடலைத் தேடுகிறது. அடுத்த உடல் பெரும்பாலும் பிணத்தைத் தூக்க வந்தவருடையதாகவே இருக்கும். மான், மாடு முதலிய பெரிய விலங்குகள் வளர்ந்த உண்ணிகளுக்கு உணவளித்து, அவை பெருகவும் இடம் பெயரவும் துணை செய்கின்றன. இறந்த மானொன்று லாரியில் ஏற்றப்படும்போது, அதன் காதுமடலிலும் தொடையிடுக்கிலும் உள்ள உண்ணிகளும் சீட்டின்றிப் பயணம் செய்கின்றன.

மூன்றாம் ஆபத்து: நரம்பில் உள்ளது

வேட்டை அனுமதிக்கப்பட்டுள்ள நாடுகளில் இக்கேள்வி வேறு வடிவில் எழுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் உரிமம் பெற்று மான் வேட்டையாடலாம். ஒரு மாநிலத்தில் சுட்ட மானை மற்றொரு மாநிலத்திலுள்ள தம் வீட்டுக்குக் கொண்டு செல்வோர் பலர். அந்நாட்டின் கொலராடோ மாநிலத்தில், ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்ட மான்கள் 1967 முதல் இனம் தெரியாத நோயால் மெலிந்து, தள்ளாடி, வாயில் நீர் ஒழுக இறந்தன. மூளையைச் சல்லடைக் கண்களாக்கும் நோய் இது என்று 1978 இல் அறியப்பட்டது. நாட்பட்ட நலிவு நோய் என இதைக் கூறலாம்.

இதற்குக் காரணம் பாக்டீரியாவும் அன்று, வைரஸும் அன்று. பிரியான் எனப்படும், உருமாறிய புரதமே காரணமாகும். உயிரற்ற பொருளாகையால் சாதாரணச் சமையல் வெப்பத்தால் இது அழிவதில்லை. மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் நிலைக்கிறது. மூளை, தண்டுவடம், கண், மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் மிகுதியாகத் திரள்கிறது.

ஆகவே அங்குள்ள மாநிலங்கள் பலவும் தனித்தனியே விதிகள் வகுத்திருக்கின்றன. மாநிலத்துக்கு மாநிலம் அவை வேறுபடினும், அடிப்படை ஒன்றே. முழு உடலும், தலையும், முதுகெலும்பும் எல்லையைக் கடக்கலாகாது. எலும்பு நீக்கிய இறைச்சி, தலை நீக்கிய தோல், மூளைத் திசு சிறிதுமின்றித் துப்புரவு செய்த மண்டையோட்டுத் துண்டுடன் கூடிய கொம்பு, முழுதும் பாடம் செய்து முடித்த தலை ஆகியவை கடக்கலாம். வேட்டையாடிய மாநிலம், கடந்து செல்லும் மாநிலம், சென்று சேரும் மாநிலம் ஆகிய மூன்றின் விதிகளையும் வேட்டைக்காரர் அறிந்திருத்தல் வேண்டும். நோயுள்ளது என்று சோதனையில் தெரிந்த மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகின்றனர். மனிதருக்கு இந்நோய் தொற்றியதாக இதுவரை உறுதிப்படவில்லையாயினும், எச்சரிக்கை தவறன்று.

உயிருள்ள விலங்கு செல்லும்போதும் இந்நோய் உடன் செல்லும். கனடாவிலிருந்து தென்கொரியாவுக்குக் கொண்டு வரப்பட்ட பெரு மான்களில் 2001 இல் இது கண்டறியப்பட்டது. 2016 இல் நார்வேயின் காட்டுக் கலைமான்களில் காணப்பட்டபோது, அந்நாட்டினர் அப்பகுதியின் மந்தை முழுவதையும், ஏறத்தாழ இரண்டாயிரம் மான்களை, அழிக்க நேர்ந்தது. நம் நாட்டில் இந்நோய் கண்டறியப்பட்டதில்லை. எனினும் அவ்விதிகளின் பின்னுள்ள சிந்தனை நமக்கும் பயன்படுவது: நோய், உடலின் குறிப்பிட்ட உறுப்பில் இருக்கிறது, அந்த உறுப்பு செல்லும் வழியே நோய் செல்லும் வழி.

மறைந்த நோய் ஒன்று கூறும் சாட்சி

போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவதால் உண்மையில் பயன் உண்டா என்று சிலர் வினவலாம். அதற்கு விடை மாட்டுவெக்கை நோயின் வரலாற்றில் இருக்கிறது.

1920 ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து பிரேசில் நாட்டுக்கு அனுப்பப்பட்ட திமிலுள்ள மாடுகள், வழியில் பெல்ஜிய நாட்டின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்க நேர்ந்தது. அவற்றிடமிருந்து வெக்கை நோய் அந்நாட்டு மாடுகளுக்குப் பரவிற்று. அதனால் எழுந்த அச்சமே, 1924 இல் இருபத்தெட்டு நாடுகள் கூடிப் பாரிஸ் நகரில் உலக விலங்கு நோய் அலுவலகத்தை நிறுவக் காரணமாயிற்று. ஆக, விலங்கு நோய் பற்றி நாடுகள் ஒன்றுக்கொன்று அறிவித்துக் கொள்ளும் இன்றைய ஏற்பாட்டுக்கு, நம் நாட்டு மாடுகளின் ஒரு பயணம் தூண்டுகோலாக இருந்தது.

அந்நோய் காட்டு விலங்குகளையும் விட்டுவைக்கவில்லை. 1968 இல் பந்திப்பூர், முதுமலைக் காடுகளிலிருந்த காட்டெருமைகள் வெக்கையால் பெருவாரியாக மாண்டன. காட்டினுள் மேயச் சென்ற மாடுகளும் காட்டு விலங்குகளும் ஒரே நீர்த்துறையிலும் ஒரே புல்வெளியிலும் பழகியதன் விளைவே இத்தகைய அழிவு. சரணாலயத்தினுள்ளும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள கால்நடைகளுக்குத் தடுப்பூசி போட வேண்டும் என்று வனவிலங்குச் சட்டத்தின் 33அ பிரிவு விதிப்பதன் கருத்தும் இதுவே.

தடுப்பூசியும், விலங்குப் போக்குவரத்தின் மீது வைத்த கண்காணிப்பும், நோய்ச் செய்தியை மறைக்காது அறிவித்த களப்பணியாளரின் உழைப்பும் சேர்ந்து அந்நோயை ஒழித்தன. இந்தியாவில் அதன் இறுதி நிகழ்ச்சி 1995 இல் தமிழ்நாட்டில் காணப்பட்டது. 2011 இல் உலகிலேயே அந்நோய் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. மனிதன் முற்றும் ஒழித்த விலங்கு நோய் இஃதொன்றே. எனவே, விதிகள் வீண் சுமையல்ல.

மைசூரும் வேட்டைப் பொருள்களும்

வேட்டைப் பொருள் எல்லை கடந்து வருவது மைசூருக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியும் இந்நகரில் இயங்கிய வான் இங்கன் நிறுவனம், விலங்குகளைப் பாடம் செய்வதில் உலகப் புகழ் பெற்றிருந்தது. சமஸ்தானாதிபதிகளும் ஆங்கில அதிகாரிகளும் இந்தியாவின் பல பகுதிகளிலும் சுட்ட புலி, சிறுத்தை, மான் ஆகியவற்றின் தோல்களும் தலைகளும் உப்பிடப்பெற்று இங்கே வந்து சேர்ந்தன. 1972 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அத்தொழில் குன்றியது; நூற்றாண்டின் இறுதியில் அந்நிறுவனமும் மூடப்பட்டது. பழைய வீடுகள் சிலவற்றில் அக்காலத்து மான்தலைகளை இன்றும் காணலாம். அவற்றுக்கு உரிய சான்றுப் பத்திரம் இருத்தல் வேண்டும். அனுமதியின்றி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்துச் செல்லுதல் கூடாது.

உப்பிட்டு உலர்த்திய தோல் அழுகாது என்பது உண்மை. ஆனால் அழுகாமையும் நோயின்மையும் ஒன்றல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகர ஆலைகளில், தொலை நாடுகளிலிருந்து வந்த உரோமத்தைப் பிரித்தெடுத்த தொழிலாளர்கள் மூச்சுத் திணறி இறந்தனர். உரோமத்தில் ஒட்டியிருந்த அடைப்பான் வித்துக்களே காரணம் என்று பின்னரே தெரிந்தது. அவர்கள் அந்த விலங்குகளைக் கண்ணாலும் கண்டவர்களல்லர்.

களத்தில் செய்ய வேண்டுவன

இனி, நம் கற்பனை மானை அந்த ஓட்டுநருக்குப் பதிலாக ஒரு வனக் காப்பாளரோ, வேட்டைத் தடுப்புக் காவலரோ, கால்நடை ஆய்வாளரோ முதலில் கண்டிருந்தால் என்ன செய்திருக்க வேண்டும் என்று பார்ப்போம்.

1. தொடாமல் நின்று பார்த்தல் வேண்டும். காயம், வண்டித் தடம், மற்ற விலங்குகளின் பல் அடையாளம், மூக்கிலும் வாயிலும் கசிவு, சுற்றிலும் வேறு விலங்கு இறந்து கிடத்தல் ஆகியவற்றைக் குறித்துக் கொள்க. இடம், நேரம் இரண்டையும் எழுதுக.

2. வனச்சரகருக்கும் கால்நடை மருத்துவருக்கும் உடனே அறிவித்தல் வேண்டும். எல்லைக்கு அண்மையாயின், அடுத்த மாநிலத்தின் சரகருக்கும் செய்தி செல்லுமாறு கேட்டுக் கொள்க. பிணம் எல்லையைக் கடக்கலாகாது. செய்தி தாமதமின்றிக் கடத்தல் வேண்டும்.

3. மருத்துவர் வரும்வரை நாய், நரி, கழுகு ஆகியவை அணுகாதவாறு முட்செடியாலோ தார்ப்பாயாலோ மூடிக் காவல் இடுக. புலி அடித்த மானைப்போல் காரணம் தெளிவாகத் தெரிந்த உடலைக் காட்டிலேயே விட்டுவிடுவது முறை. மோயாற்றுப் பள்ளத்தாக்கின் பாறுக் கழுகுகளுக்கு அதுவே உணவு. காரணம் தெரியாத உடலுக்கே இக்காவல்.

4. அடைப்பான் இல்லை என்று தெரியும்வரை எக்காரணத்தாலும் உடலைக் கீறலாகாது. காது நரம்பிலிருந்து எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, உரிய சாயமிட்டு மைக்ராஸ்கோப்பால் நோக்கினால், மருத்துவர் பெரும்பாலும் முடிவு கூறிவிடுவார். அதன் பின்னரே சவப் பரிசோதனை.

5. கையாளுவோர் கையுறை, முகமூடி, முழுக்கால் மறைக்கும் காலணி ஆகியவற்றை அணிதல் வேண்டும். சட்டைக் கையும் காற்சட்டை நுனியும் கட்டப்பட்டிருத்தல் நன்று. பணி முடிந்ததும் உடலில் உண்ணி உள்ளதா என ஒருவரையொருவர் பார்த்துக் கொள்க. அடுத்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சலோ புண்ணோ கண்டால், இப்பணியைச் செய்ததை மருத்துவரிடம் தவறாது கூறுக.

6. அடைப்பான் என்று தெரிந்தால் இறந்த இடத்திலேயே எரித்தல் மிக நன்று. உடலுக்குக் கீழுள்ள மண்ணும் வேகுமாறு எரியூட்டுதல் வேண்டும். அது இயலாதெனின், நீர்நிலைக்கு அப்பால் ஆறடிக்குக் குறையாத ஆழத்திற் புதைக்க. குழியிற் சுண்ணாம்பு இடும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. ஆனால் சுண்ணாம்பிலுள்ள கால்சியம் வித்துக்கள் நிலைத்திருக்கத் துணைபுரியக்கூடும் என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் 2008 ஆம் ஆண்டு வழிகாட்டி அதனைப் பரிந்துரைக்கவில்லை.

7. மகஜரில் உடலின் நிலை, எடுத்த மாதிரி, அகற்றிய முறை, உடனிருந்தோர் ஆகியவற்றைப் பதிவு செய்க. கொம்பு இருந்தால் அதன் கணக்கும் அதில் வருதல் வேண்டும்.

எல்லையைக் கடக்கத் தக்கது எது?

முழு உடல் செல்லலாகாது எனின், நோயை அறிவது எவ்வாறு? உடலுக்குப் பதிலாக மாதிரி செல்லும். இரத்தப் பூச்சுத் தகடு, பஞ்சுக் குச்சியில் எடுத்த கசிவு, குப்பியிலிட்ட உண்ணிகள் ஆகியவையே ஆய்வுக் கூடத்துக்கு வேண்டுவன. கால்நடை நோய்த் தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கும் இராணிப்பேட்டை நிலையம், வைரஸ் நோய்களை ஆராயும் புனே நிறுவனம் ஆகியன போன்ற நிலையங்கள் பல நம்மிடம் உள்ளன. எங்கே அனுப்புவது என்பதை மருத்துவர் முடிவு செய்வார். வனத்துறையின் அனுமதிக் கடிதம் உடன் செல்லுதல் வேண்டும்.

மாதிரியைக் கட்டும் முறை மும்முறையாகும். கசியாத குப்பி முதலாவது உறை. அதைச் சுற்றி, உடைந்தால் நீரை உறிஞ்சத் தக்க பஞ்சு வைத்து, கசியாத இரண்டாவது பாத்திரத்தில் இடுதல் வேண்டும். அதனைப் பனிக்கட்டிப் பையுடன் உறுதியான மூன்றாவது பெட்டியில் வைத்து, உள்ளிருப்பது யாது, அனுப்புவோர் யார், பெறுவோர் யார் என்பதை வெளியே எழுதுக. சூட்டில் உலர்த்திய தகட்டிலும் வித்துக்கள் உயிரோடிருக்கக் கூடும். அதைச் சட்டைப் பையிலோ, உணவுக் கூடையிலோ எடுத்துச் செல்லுதல் தகாது.

ஆசிரியர்களுக்கு

காட்டோரச் சிற்றூர்களில், இறந்த விலங்கை முதலிற் காண்போர் பெரும்பாலும் ஆடுமாடு மேய்க்கும் சிறுவர்களே. ஆதலால் இப்பாடம் வகுப்பறையிலும் இடம் பெறத் தக்கது.

கண்ணுக்குத் தெரியாத தொற்றை விளக்க எளிய செய்முறை ஒன்று உண்டு. மஞ்சள் நிறத் துணிப் பை ஒன்றின் மேல் மஞ்சள் தூளைச் சிறிது தடவி, மாணவர் கை மாற்றிக் கை மாற்றி வகுப்பின் கடைசி வரை கொண்டு செல்லச் செய்க. பையின் நிறத்தில் தூள் புலப்படாது. பின்னர் ஒவ்வொருவரும் தம் விரலை வெள்ளைத் தாளில் அழுத்தித் தேய்க்கட்டும். அத்தாளின் மீது சோப்பு நீரைத் தெளித்தால், மஞ்சள் பட்ட இடங்கள் செந்நிறமாகும். முதலிற் பிடித்தவன் தாளில் மட்டுமின்றி, பின்னர்ப் பிடித்தவர் பலரின் தாளிலும் செந்நிறம் தோன்றும். நம் கற்பனை மான் சென்ற வழியை இதனினும் தெளிவாகச் சொல்லால் விளக்க இயலாது.

மற்றும், கூடலூர், தெப்பக்காடு, பந்திப்பூர், குண்டல்பேட்டை, மைசூர், முத்தங்கா, சுல்தான் பத்தேரி ஆகிய ஊர்களைக் குறித்த வரைபடத்தை மாணவர் வரையட்டும். சாலைகளை ஒரு நிறத்திலும், மோயாற்றை மற்றொரு நிறத்திலும், மாநில எல்லைகளைப் புள்ளிக் கோட்டாலும் காட்டச் செய்க. பந்திப்பூர்ச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்து தடை செய்யப்பட்டுள்ளதன் காரணத்தை அவ்வரைபடத்தைக் கொண்டே உரையாடலாம்.

வினாக்கள்

1. அடைப்பானால் இறந்த விலங்கின் உடலைக் கீறுதல் ஏன் ஆபத்தானது?
2. உயிர் நீங்கிய உடலைவிட்டு உண்ணிகள் ஏன் இறங்குகின்றன?
3. அமெரிக்க மாநிலங்கள் எலும்பு நீக்கிய இறைச்சியை அனுமதித்துத் தலையைத் தடுப்பது ஏன்?
4. 1920 இல் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் நிகழ்ந்தது எந்த நிறுவனம் தோன்றக் காரணமாயிற்று?
5. உங்கள் ஊரில் இறந்த மான் ஒன்றைக் கண்டால் முதலில் யாருக்கு அறிவிப்பீர்கள்? அவர் இருக்கும் இடமும் தொலைபேசி எண்ணும் உங்களுக்குத் தெரியுமா?

ஐந்தாம் வினாவுக்கு நூல்களில் விடை இல்லை. ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு பள்ளியிலும் அவ்விடையை எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தல் வேண்டும். இப்பாடத்தின் சாரம் இவ்வளவே: உடல் இருந்த இடத்தில் இருக்கட்டும், மாதிரி முறையோடு செல்லட்டும், செய்தி எல்லாவற்றுக்கும் முன்னே செல்லட்டும். இவ்வொழுங்கு மாறினால், மண்டி மொஹல்லாவின் சாக்கடையோரத்தில் விளையாடும் குழந்தையொன்று, தான் ஒருபோதும் கண்டிராத மானொன்றின் நோய்க்கு ஆளாக நேரிடும்.